வெளியே நின்ற நால்வர்

ஐந்தாம் பாகத்தை நான் திட்டாத இடம் இல்லை. டீக்கடையில் திட்டியிருக்கிறேன், படகில் திட்டியிருக்கிறேன், என் தங்கை கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையிடமே திட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, என் கூட்டாளிதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, அன்றிலிருந்தே ஒருத்தரையொருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "முடிச்சிட்டு பேசு மச்சான்." ஐந்தாம் பாகத்தைப் பற்றி அவன் என்னிடம் எப்போதும் சொன்னது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் பேசியது. எனக்கு வாய் நீளம். எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நான் சொல்வது ஒரு வீடியோ கேம் வரிசையை. எட்டுப் பாகம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் கதை வேறு, தேசம் வேறு, ஆட்கள் வேறு. ஆனால் ஒரு கூட்டம் சேர்ந்து ஊர் ஊராகப் போவதும், வழியில் மிருகங்களோடும் மந்திரவாதிகளோடும் மோதுவதும், ஒவ்வொரு சண்டைக்கும் பாயிண்ட் சேர்ந்து பலம் ஏறுவதும் மாறாது. கூட்டத்தில் எட்டுப் பேர் இருப்பார்கள். சண்டையில் நால்வர்தான் இறங்க முடியும். மற்ற நால்வர் வெளியே நிற்பார்கள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கல்யாணத்துக்கெல்லாம் முன்னால், மச்சான் ஒருநாள் மீன் வண்டியில் ஏறிச் சென்னைக்குப் போனவன், பழைய சாமான் கடையில் பேரம் பேசி ஒரு கேம் பெட்டியும் இரண்டாம் பாகத்து சிடியும் வாங்கி வந்தான். முதல் பாகத்தை இன்றுவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊர் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும், சைக்கிள் செயின் ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் கேம் பெட்டியை மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடிவைப்போம். எடுத்தால் இறால் வாடை அடிக்கும். கேமில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்கள். நான் பத்தாவது ஃபெயில். அவன் பாஸ், இங்கிலீஷில் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு அவன் எனக்கு அர்த்தம் சொல்லுவான். பாதி அவனாகக் கட்டியது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவன் கட்டியது சில இடங்களில் உண்மைக் கதையைவிட நன்றாகவே இருந்தது.

மூன்றாம் பாகத்தில் மீன் பிடிக்கும் இடம் ஒன்று வரும். அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! தூண்டில் போட்டதும் கடிக்கும். காற்று கிடையாது, நீரோட்டம் கிடையாது, ஏரி மீனும் கடல் மீனும் ஒரே குட்டையில் நீந்தும். "இத்த செஞ்சவன் மீன தட்டுலதான் பாத்துக்கறான் மச்சான்" என்றான் அவன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் என் நைனா உள்ளேயிருந்து எழுந்துவந்து இரண்டு பேரையும் வெளியே துரத்தினார். ஆனால் அதே பாகத்தில், மழை விடாத ஓர் ஊர் வரும். ஜனங்கள் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு போவார்கள். நாம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு குறைந்திருக்கும். யாரும் அதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நாமாகக் கவனிக்க வேண்டியது. அந்த ஓர் ஊருக்காக மூன்றாம் பாகத்தை நான் மன்னித்துவிட்டேன்.

நான்காம் பாகம்தான் ராஜா. அதில் அடிபட்டவன் மருந்து கொடுத்ததும் துள்ளி எழ மாட்டான். சத்திரத்தில் படுக்க வைக்க வேண்டும், அவன் இல்லாமல் பயணத்தைத் தொடர வேண்டும். திரும்பி வரும்போது அவன் மற்றவர்களைவிடப் பலம் குறைந்து நிற்பான். அதுதானே நாயம்? சண்டையில் இறங்கினவனுக்குத்தான் பாயிண்ட். படுத்துக்கிடந்தவனுக்கு யார் கொடுப்பார்கள்?

ஆறாம் பாகத்தில் முறை வைத்துச் சண்டை போடுவதையே எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் நீ ஒரு அடி, அவன் ஒரு அடி என்று வரிசையாகப் போகும். ஆறில் எவன் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். கை வேகமானவன் ஜெயிப்பான். எனக்கு வயிறு எரிந்தது. ஏழு பார்க்க அழகு, உள்ளே ஒன்றுமில்லை. எட்டு எங்கள் பெட்டியில் ஓடாது. போனில் எவனோ விளையாடுவதைப் பார்த்ததோடு சரி.

முறை என்றால் எங்களுக்கு உயிர். எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, இறால் ஓடும் இடங்கள் சில இருக்கின்றன. அங்கே எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருதரம் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். வலுத்தவன், இளைத்தவன் என்று கிடையாது. உன் முறை வந்தால் இடம் உன்னுடையது. கல்யாணம் ஆன ஆணைத் தலைக்கட்டு என்று ஊரில் எழுதிக்கொண்ட பிறகுதான் சீட்டில் பெயர் விழும். மச்சானுக்குத் தாய் தகப்பன் இல்லை, அத்தை வீட்டில் வளர்ந்தவன். என் தங்கையைக் கட்டிய வருஷம்தான் அவன் பெயர் முதன்முதலாகச் சீட்டில் விழுந்தது. அன்றைக்கு அவன் ஊர் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான். "இப்பதான் மச்சான் நானும் ஊர்க்காரன்" என்றான். அதற்கு முன்னாலும் இதே ஊரில்தான் இருந்தான், ஆனாலும் அப்படிச் சொன்னான்.

வலைக்கு இரண்டு முனை. ஒரு முனையில் அவன் நிற்பான், மறுமுனையில் நான். பதினோரு வருஷம் நின்றோம். நின்றுகொண்டே வாய் ஓயாமல் இந்தக் கேம்களை எடை போட்டோம், எது உசத்தி, எது மட்டம் என்று. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஐந்தாம் பாகத்தை நான் கிழி கிழி என்று கிழிப்பேன்.

ஐந்தில் அப்படி என்ன குற்றம் என்றால், அதில் வெளியே நிற்கும் நால்வருக்கும் முழுப் பாயிண்ட். சண்டையில் இறங்கினவன் ரத்தம் சிந்தி வாங்குகிற அதே பாயிண்ட், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும். இதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு வெறுத்துவிட்டது. பாதிக் கதையில் நிறுத்தி, சிடியை உறையில் போட்டேன். "வெளிய குந்திகினு கீறவனுக்கு இன்னாத்துக்குடா பங்கு? செஞ்சவன் சோம்பேறிடா, சோம்பேறிங்களுக்காக செஞ்சிக்கறான்" என்று டீக்கடையில் நான் கத்தாத நாள் கிடையாது. கேம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக்கூட அந்த வசனம் மனப்பாடம். மச்சானோ ஐந்தை மூன்று தடவை முடித்தவன். ஆடிய எல்லாவற்றிலும் அவனுக்கு அதுதான் பிடித்தது. ஏன் என்று கேட்டால், முடிச்சிட்டு பேசு.

போன வருஷம் பாடு நடந்துகொண்டிருந்தபோது மச்சானின் இடுப்பு போயிற்று. படகு எஞ்சினைத் தூக்கி மணலில் இறக்கும்போது ஒரு சத்தம் போட்டான், அவ்வளவுதான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். பொன்னேரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகில் ஜவ்வு விலகியிருக்கிறது, ஆறு மாசம் கனம் தூக்கக் கூடாது, தண்ணீரில் நிற்கவே கூடாது என்றார். இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் அதற்கும் வழக்கம் இருக்கிறது. முறை வந்து மூன்று தடவை ஆள் இறங்காவிட்டால் அந்த வருஷத்துக்கு அவன் பாடு போய்விடும், அடுத்தவர்களுக்குப் பிரித்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் ஒருத்தனைக் கேட்பார்கள். அண்ணன் தம்பியைக் கேட்க மாட்டார்கள், பெண்டாட்டியைக் கேட்க மாட்டார்கள். வலையின் மறுமுனையில் நிற்பவனைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் ஆள் இல்லாத பாரம் அவன் கையில்தானே ஏறுகிறது. அவன் எழுந்து, "அவனுக்கும் சேத்து நான் நிக்கறேன்" என்று சொன்னால் போதும். பாடு இருக்கும். வேறு ஒரு கேள்வி கிடையாது. எனக்குத் தெரிந்து அந்த வார்த்தையைச் சொல்லாதவன் எங்கள் ஊரில் இருந்ததில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று முறையும் ஒன்றுவிட்ட தம்பியைக் கெஞ்சிக் கூட்டிப்போய் நின்றேன். அவனுக்கு வலை பிடிக்கத் தெரியாது. தோள் இற்றுப்போகும். திரும்பி வரும்போது தங்கை வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். உள்ளே மச்சான் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்துப் படுத்தபடி ஐந்தாம் பாகம் விளையாடிக்கொண்டிருப்பான். அந்த சங்கீதம் தெருவரைக்கும் கேட்கும். "வா மச்சான்" என்று கூப்பிடுவான். நான் ஈரத் துணியோடு நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விடுவேன். அவன் வலியில் கிடந்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயில் எதிரே கூட்டம். எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். மச்சானுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், சட்டைக்கு மேலேயே பெல்ட் தெரிந்தது. பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள், அவர்களில் என் தங்கை. ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாப்பா, மூணு முறை ஆச்சு. மாப்ள எறங்கல. நீ இன்னா சொல்றே?"

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக. அதற்குள் பாடு வரிசையில் எங்களுக்கு அடுத்த முறைக்காரர், டீக்கடையில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரர், குரல் கொடுத்தார்.

"அவன இன்னாத்துக்கு தலைவரே கேக்கறீங்க? வெளிய குந்திகினு கீறவனுக்கு இன்னாத்துக்கு பங்குனு டெய்லி கத்தறவனாச்சே! இப்ப மச்சானுக்குனா மட்டும் பேச்ச மாத்துவான் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கேலிக்குத்தான் சொன்னார். மச்சான்கூட லேசாகச் சிரித்தான். எனக்கு மட்டும் சுருக்கென்று ஏறிவிட்டது. பேச்சு மாற்றுகிறவனா நான்?

"ஆமா, கத்துனேன். இப்பவும் அத்தான் சொல்றேன்" என்றேன். "தண்ணில நிக்கறவனுக்குத்தான் பாடு. மாமன் மச்சான்னு பாத்தா அப்புறம் நாயம் இன்னாத்துக்கு?"

சொல்லி முடித்ததும், யாராவது "சரி சரி, வீம்பு போதும், சொல்லுடா" என்பார்கள், நானும் ஒரு சலிப்போடு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், மடையன். "சரிப்பா. நீயே சொல்லிட்டே" என்று அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார், திருவிழாவுக்கு ஜெனரேட்டர் எங்கே எடுப்பது என்று. மச்சான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாக எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தான்.

தங்கை என்னிடம் வந்தாள். அவள் அழவில்லை.

"வெளயாட்டுல பேசற பேச்ச ஊருல பேசிட்டியேணா" என்றாள். "அந்தாளு ஒரு வாரமா தூங்கல. நம்ம மச்சான் சொல்லிடுவான், நம்ம மச்சான் சொல்லிடுவான்னு எனக்கு தைரியம் சொல்லிகினு இருந்தாரு."

மறுநாள் காலையிலேயே தலைவர் வீட்டுக்கு ஓடினேன். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார், துப்பிவிட்டுச் சொன்னார்: "சாமி முன்னால சொன்னத மாத்தறதுக்கு இது இன்னா வெளயாட்டா? இந்த வருஷம் போவட்டும். அடுத்த சீட்டு போடறப்ப உன்னத்தான் கேப்பேன். அப்பவாவது யோசிச்சி பேசு." யோசித்துப் பேசு என்று என்னிடம் அதுவரை சொல்லாதவர்கள் கிடையாது, அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஒரு மாசத்துக்குள் மச்சான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் வாசல் காவலுக்குச் சேர்ந்துவிட்டான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று கருப்புக்கொடி கட்டிய படகில் என் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் அவன். இப்போது துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிறான். நான் ஏரியிலிருந்து வருவதற்குள் அவன் போய்விடுவான், அவன் வருவதற்குள் நான் இறங்கிவிடுவேன். தெருவில் எதிர்ப்பட்டால் "இன்னா மச்சான், சாப்ட்டியா" என்பான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

பிறகு ஒருநாள் தங்கை தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்தாள். "ஆட ஆளு இல்லாம உப்பு புடிச்சிடுமாம். உன்னாண்ட குடுக்க சொன்னாரு." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முன்பெல்லாம் என் வீட்டுக்கு வந்தால் அடுப்படிவரை போய்ச் சட்டியைத் திறந்து பார்க்காமல் திரும்ப மாட்டாள்.

சிடிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஐந்தை எடுத்துப் போட்டேன். என்ன வைராக்கியமோ, முதலிலிருந்து தொடங்கினேன். புயல் சின்னம், ஏரிக்குப் போக வேண்டாம் என்று சொன்ன நாட்களில் பகல் முழுக்க அதுதான். அர்த்தம் சொல்ல ஆள் இல்லை; போனில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொண்டேன். குற்றங்கள் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு கோட்டை, அதற்குள் பத்து மணி நேரம் ஒரே மாதிரிச் சந்துகள். வில்லன் செத்துச் செத்துப் பிழைப்பான். ஆனால் வெளியே நிற்கும் நால்வரும் சும்மா நிற்கவில்லை. இதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. சண்டை முடிந்ததும் திரை ஓரத்தில் அவர்கள்தான் காயத்துக்குக் கட்டுப்போடுவார்கள், ராத்திரிக்குக் கூடாரம் அடிப்பார்கள், வழி விசாரித்து வருவார்கள். இது எதற்கும் பாயிண்ட் என்று எழுதிக் காட்ட மாட்டார்கள். கூட வந்ததற்குத்தான் அந்தப் பங்கு.

கடைசிச் சண்டை. நான் முதலிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த நால்வரையும் இறக்கினேன். வில்லன் ஒரே மூச்சில் நால்வரையும் கல்லாக்கிவிட்டான். அங்கே எந்த மருந்தும் செல்லாது. முடிந்தது என்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனேன். அப்போது வெளியே நின்ற நால்வரும் ஓடிவந்து இறங்கினார்கள். அவர்களைக் கூப்பிடும் பட்டன் ஒன்று கிடையாது, அவர்களாக வந்தார்கள். நான் அவர்களை ஒரு சண்டையில்கூட இறக்கியதில்லை. இருந்தும் என் நால்வருக்கு எவ்வளவு பலமோ அதே பலம் அவர்களுக்கும் இருந்தது. அந்தப் பங்கு மட்டும் அவர்களுக்கு வராமல் இருந்திருந்தால் ஓரடிக்குத் தாங்கியிருக்க மாட்டார்கள், கதை அங்கேயே தீர்ந்திருக்கும்.

முடிச்சிட்டு பேசு என்று அவன் ஏன் சொன்னான், எதற்காக முடிவை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நானே கண்டுபிடித்து வந்து அவனிடம் சொல்ல வேண்டும் என்று பதினோரு வருஷம் காத்திருந்திருக்கிறான். பாவி நான், கூட்டத்தில் எழுந்து நின்றபோதும் பாதிக் கதைதான் எனக்குத் தெரியும்.

அடுத்த சீட்டுக்கு இன்னும் பத்து நாள்தான். மறுநாள் மதியமே பைக்கை எடுத்துக்கொண்டு காட்டுப்பள்ளிப் பக்கம் போனேன். குடோன் வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் நீல யூனிஃபார்மில் மச்சான் உட்கார்ந்திருந்தான். முதுகுக்கு ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான், நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

"குந்திகினு இருக்கறதுக்கே சம்பளம் தராங்க மச்சான்" என்று சிரித்தான். குத்திக் காட்ட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை, அது அவன் குணம் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

"அஞ்ச முடிச்சிட்டேன்டா" என்றேன்.

அவன் முகம் அப்படியே மாறிவிட்டது. கேம் பெட்டியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு இருந்த முகம். "முடிச்சியா? கடசி வரைக்குமா? யாரு வந்தாங்க?"

"வெளிய நின்னவங்க வந்தாங்க."

"வந்தாங்கல்ல!" என்று தொடையில் தட்டினான். "நான் மூணாவது தபா பாத்தப்பவும் அழுதுட்டேன் மச்சான். உன் தங்கச்சி பயந்துட்டா."

அந்த நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். தப்பு என் மேல்தான், எனக்கு வாயில் கொள்ளி வைக்க வேண்டும், வருகிற சீட்டில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன், நீ ஒரு நாளும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம், உனக்கும் சேர்த்து நான் நிற்கிறேன். போன வருஷம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒரு குடோன் வாசலில் வெளியே வந்தது.

அவன் பெல்ட்டை இழுத்துச் சரி செய்துகொண்டான்.

"வாணாம் மச்சான், உட்டுடு" என்றான்.

"ஏன்டா? இடுப்புக்கா? நான்தான் சொல்றேனே..."

"இடுப்புக்கு இல்ல. சீட்டுல பேரு போட்டா, கூட்டத்துல மறுபடியும் உன்னத்தான் கேப்பாங்க." அவன் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னான். "இந்த தபா நீ நல்லபடியாதான் சொல்லுவே, எனக்கு தெரியும். ஆனா நீ எழுந்து வாயத் தொறக்கற வரைக்கும் அந்த நாற்காலில நான் குந்தணும் இல்ல? அது என்னால முடியாது மச்சான்."

லாரி ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவன் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு எழுந்து, மறு கையால் கட்டையைத் தூக்கிவிடப் போனான்.